ஒரு நிமிஷம் முழுசா ஓடு, வெளிய வந்துடு: மில்வாக்கி வேவ் கூட ஒரு இன்டோர் சாக்கர் சீசன்

அமெரிக்கால சாக்கர்னா நம்ம ஆளுங்களுக்கு எம்எல்எஸ் தெரியும், மெஸ்ஸி மயாமி வந்தது தெரியும், ஆனா குளிர்காலம் முழுக்க ஹாக்கி அரீனாக்குள்ள ப்ரொஃபஷனலா ஒரு சாக்கர் லீக் ஓடிட்டு இருக்குன்னு சொன்னா பாதி பேர் நம்ப மாட்டாங்க. பேரு மேஜர் அரீனா சாக்கர் லீக், சுருக்கமா எம்ஏஎஸ்எல். நாங்க இருக்கறது மில்வாக்கி, இங்க இருக்கற டீம் பேரு வேவ், 1984ல இருந்து நடுவுல நிக்காம ஓடிட்டு இருக்கற டீம். என் பொண்ணு கிளப் டீம்ல ஆடறா, நான் வாரத்துல ஒரு ராத்திரி பெரியவங்க சும்மா பொழுதுபோக்குக்கு ஆடற ரெக் லீக்ல ஆடறேன், அதனால ரெண்டு பேருக்கும் சேர்த்து சீசன் டிக்கெட் எடுத்து டிசம்பர்ல இருந்து வசந்த காலம் வரைக்கும் ஊர்ல நடந்த மேட்ச் எல்லாம் போய் பாத்தோம். அதுல என்ன கத்துக்கிட்டோம், பாக்கப் போறவங்களுக்கும் ஆடறவங்களுக்கும் எது உபயோகப்படும்னு எழுதலாம்னு தோணுச்சு.

முதல்ல ஆட்டம் எப்படின்னு சுருக்கமா சொல்லிடறேன். ஒரு சைடுக்கு 6 பேர், அதுல ஒருத்தர் கீப்பர். மைதானம் 200 அடி நீளம் 85 அடி அகலம், அதாவது ஐஸ் ஹாக்கி ரிங்க் சைஸ், சுத்தி சுவர், சுவருக்கு மேல கண்ணாடி. கோல் போஸ்ட் 14 அடி அகலம் 8 அடி உயரம், சுவருக்குள்ள குடைஞ்சு வெச்ச மாதிரி இருக்கும். 15 நிமிஷம் வீதம் 4 குவார்ட்டர். ஆஃப்சைடு கிடையாது. பந்து சுவர்ல பட்டா ஆட்டம் நிக்காது, அது பாட்டுக்கு போகும், சுவரைத் தாண்டி வெளிய போனாதான் நிறுத்துவாங்க. சப்ஸ்டிடியூஷனுக்கு கணக்கே கிடையாது, ரெஃப்ரீகிட்ட கேக்க வேண்டியதும் இல்ல, ஆட்டம் ஓடிட்டு இருக்கும்போதே ஒருத்தர் உள்ள இருந்து பெஞ்ச் பக்கம் ஓடி வருவார், இன்னொருத்தர் சுவரைத் தாண்டி உள்ள குதிப்பார். தப்பு பண்ணா ப்ளூ கார்டு, 2 நிமிஷம் பெனால்டி பாக்ஸ்ல போய் உக்காரணும், அதுவரைக்கும் டீம் ஒரு ஆள் குறைவா ஆடணும், நடுவுல எதிர் டீம் கோல் போட்டுட்டா அத்தோட வெளிய வந்துடலாம். இன்னொரு ரூல் த்ரீ லைன் பாஸ், குறுக்க போட்டிருக்கற 3 கோட்டையும் தாண்டி பந்த யார் மேலயும் சுவர்லயும் படாம காத்துலயே முன்னாடி அனுப்பினா விசில். இந்த ஒரு ரூல் இல்லன்னா கீப்பர் எடுத்து எடுத்து அந்தப் பக்கம் உதைச்சுட்டே இருப்பார், ஆட்டம் செத்துடும், அதனால இது ரொம்ப நல்ல ரூல்னு நான் நினைக்கிறேன்.

சீசன் ஆரம்பத்துல எல்லாரும் பந்தத்தான் பாப்பாங்க, அது இயல்பு, நாங்களும் அப்படித்தான் பாத்தோம். பந்து போற வேகத்துக்கு கண்ணு ஓடறதே பெரிய வேலை. எங்க பின் சீட்டுல ஒரு வயசான தம்பதி, எண்பதுகள்ல இருந்தே வந்துட்டு இருக்காங்களாம், அந்தப் பெரியவர்தான் என் பொண்ணுகிட்ட சொன்னார், ஒரு குவார்ட்டர் முழுக்க பந்த விட்டுட்டு பெஞ்ச மட்டும் பாரு, அப்பறம் சொல்லுன்னு. அவ அப்படியே பாத்தா. குவார்ட்டர் முடிஞ்சதும் என் கைய பிடிச்சு இழுத்து, "அப்பா, யாருமே ஒரு நிமிஷத்துக்கு மேல உள்ள இருக்கறதே இல்லப்பா, ஓடறாங்க, வந்துடறாங்க, ஓடறாங்க, வந்துடறாங்க"ன்னா. அதுதான் இந்த ஆட்டத்தோட உயிர், சீசன் முழுக்க பாத்த அப்பறம் நான் அடிச்சு சொல்வேன், யார் நல்லா உதைக்கறாங்கங்கறத விட யார் சரியான நேரத்துல வெளிய வர்றாங்கங்கறதுதான் மேட்ச முடிவு பண்ணுது.

இதுக்கு ஷிஃப்ட்னு சொல்றாங்க, ஹாக்கில இருந்து வந்த வார்த்தை. ஒரு ஷிஃப்ட் சுமாரா ஒரு நிமிஷம், சில சமயம் அதுக்கும் குறைவு, சில சமயம் பந்து நம்ம பக்கம் மாட்டிக்கிச்சுன்னா ஒன்றரை நிமிஷம் இழுக்கும். அந்த ஒரு நிமிஷமும் முழு வேகம், நடக்கறது கிடையாது, மூச்சு வாங்கறது கிடையாது, அதெல்லாம் பெஞ்ச்ல வெச்சுக்கணும். வெளி மைதானத்துல 90 நிமிஷம் ஆடறவங்க சக்திய சேத்து வெச்சு ஆடுவாங்க இல்லையா, அந்தப் பழக்கத்தோட இங்க வந்தா அடி வாங்கறது நிச்சயம், ஏன்னா எதிர்ல இருக்கறவன் இப்பதான் பெஞ்ச்ல இருந்து புதுசா குதிச்சிருக்கான். கவனிச்சு பாத்தீங்கன்னா நிறைய கோல் விழறது ஷிஃப்ட் மாத்தற அந்த ரெண்டு மூணு செகண்ட்லதான். பந்து நம்ம கைல இல்லாதப்ப, இல்ல பந்து நடுவுல இருக்கறப்ப ஆள் மாத்தினா, ஒரு பக்கம் காலியா கிடக்கும், அங்க ஒரு பாஸ் போட்டா கீப்பர் தனியா நிப்பார். நல்ல டீம் என்ன பண்ணும்னா பந்த எதிர் மூலைக்கு, சுவரோரமா ஆழமா அனுப்பிட்டு அந்த நேரத்துல மாத்தும். இத கவனிக்க ஆரம்பிச்சா மேட்ச் வேற மாதிரி தெரியும்.

அடுத்தது சுவர். நம்ம ஊர்ல கேரம் ஆடினவங்களுக்கு இது டக்குன்னு புரியும், நேரா பாக்கெட்டுக்கு வழி இல்லன்னா கட்டைல அடிச்சு திருப்பற மாதிரிதான், கோணம் கைக்குள்ள வந்துட்டா எதிராளி நடுவுல நின்னாலும் பிரயோஜனம் இல்ல. டிஃபெண்டர் முன்னாடி நிக்கறப்ப சுவர்ல தட்டிட்டு அவரச் சுத்தி ஓடிப் போய் நாமளே வாங்கிக்கலாம், அது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். எனக்கு ரொம்ப பிடிச்சது கோல் போஸ்ட்டுக்கு ரெண்டு பக்கமும் இருக்கற சுவர். முதல்ல பாக்கறவங்க, என்னடா இவன் ஒரு அடி வெளிய அடிச்சுட்டானேன்னு நினைப்பாங்க, அது வெளிய அடிச்சதே இல்ல, வேணும்னே போஸ்ட்டுக்கு பக்கத்து சுவர்ல பலமா அடிக்கறாங்க, அது திரும்பி வர்ற இடத்துல இன்னொருத்தர் ஏற்கனவே ஓடி வந்துட்டு இருப்பார், கீப்பர் ஷாட்டுக்கு பாஞ்சு ஒரு பக்கம் கிடப்பார், பந்து இந்தப் பக்கம் வந்து காலி வலைக்குள்ள போகும். பிரேசில்ல ஃபுட்சால், அதாவது ஹாலுக்குள்ள ஆடற சின்ன ஃபுட்பால், ஆடி வளந்த பசங்க இந்த லீக்ல நிறைய இருக்காங்க, வேவ்லயே பல வருஷமா பிரேசில் பசங்க ஆடறாங்க, ஃபுட்சால்ல சுவரே கிடையாது, ஆனா அந்தக் கால் வேலையோட இந்த சுவர் கோணமும் பழகிடுச்சுன்னா அவங்கள பிடிக்கவே முடியாது.

எங்க உக்காரணும்னு நிறைய பேர் கேக்கறாங்க. கண்ணாடிக்கு பின்னாடி முதல் வரிசை ஒரு தடவை கண்டிப்பா உக்காரணும், ஒரு ஆளு முழு வேகத்துல வந்து சுவர்ல மோதறப்ப உங்க முழங்கால் வரைக்கும் அதிரும், குழந்தைங்க வாழ்க்கைல மறக்காது. ஆனா ஆட்டம் புரியணும்னா நடுக்கோட்டுக்கு நேரா, கொஞ்சம் மேல, ஷிஃப்ட் மாத்தறதும் ஃபார்மேஷனும் ஒண்ணா தெரியற இடம்தான் சரி. கோலுக்கு பின்னாடி சீட் விலை குறைவு, ஆனா அந்தப் பக்கம் நடக்கறது எதுவுமே தெரியாது. முழு சீசனுக்கு டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி சில மேட்ச் மட்டும் சேத்து குடுக்கற பேக் எடுத்து பாருங்க, வேற வேற இடத்துல உக்காந்து பாத்துட்டு அப்பறம் முடிவு பண்ணுங்க. மில்வாக்கி ஜனவரி குளிர் தெரியும் உங்களுக்கு, ஏரிக் காத்து அடிக்கறப்ப பார்க்கிங்ல இருந்து அரீனா வரைக்கும் குழந்தைய நடக்க வெக்கறதே ஒரு வேலை, அதனால பக்கத்துல இருக்கற பார்க்கிங்க முன்னாடியே பாத்து வெச்சுக்கோங்க. உள்ளயும் கீழ் வரிசைல குளிரும். வேவ் ஆடற பாந்தர் அரீனா 1950ல திறந்தது, ரொம்ப வருஷம் பக்ஸ் பாஸ்கெட்பால் டீம் ஆடின இடம், இப்ப அட்மிரல்ஸ் ஹாக்கி டீமுக்கும் அதுதான் வீடு. ஐஸ் மேல மூடி போட்டு அதுக்கு மேல டர்ஃப் விரிச்சு ஆடறாங்க, கால்கிட்ட இருந்து சில்லுனு ஏறும்.

இந்த டர்ஃப் விஷயம் ஆடறவங்களுக்கு முக்கியம். பட்டை பட்டையா கொண்டு வந்து விரிச்சு ஒட்டறதுதான், அதனால இணைப்பு வர்ற இடத்துல பந்து லேசா துள்ளும், கீழ கான்கிரீட்டோ ஐஸோ இருக்கறதால விழுந்தா உடம்பு வாங்கிக்கும். மேட்ச் முடிஞ்சு பிளேயர்ஸ் பக்கத்துல நின்னு பாத்தீங்கன்னா முழங்கால், தொடை பக்கவாட்டுல, முழங்கைலன்னு தோல் உரிஞ்ச சிவப்பு தடம் இருக்கும், ஒண்ணு ஆறறதுக்குள்ள இன்னொண்ணு. என் ரெக் லீக்லயும் அதேதான், சின்ன அளவுல. வீட்டுக்கு வந்த உடனே சோப்பு தண்ணி விட்டு நல்லா கழுவணும், டர்ஃப்ல இருக்கற ரப்பர் துகள் உள்ள தங்கக் கூடாது, அப்பறம் காய விடாம கொஞ்சம் ஆயின்மென்ட் போட்டு மூடி வெக்கணும். அப்படியே திறந்து விட்டா ராத்திரி பெட்ஷீட்ல ஒட்டிக்கும், காலைல மறுபடியும் உரியும். ஷூ விஷயத்துல நீட்டு ஸ்டட் வெச்சது வேண்டவே வேண்டாம், கால் மாட்டிக்கிட்டு முட்டி திரும்பிடும், சின்ன சின்ன ரப்பர் குமிழ் வெச்ச டர்ஃப் ஷூதான் சரி.

சுவர்கிட்ட எப்படி நடந்துக்கறதுன்னு ப்ரோ பிளேயர்ஸ பாத்துதான் நான் கத்துக்கிட்டேன், இது சொல்லிக் குடுக்கற கோச் ரொம்ப கம்மி. சுவரப் பாத்து வேகமா போறப்ப கைய நீட்டி தடுக்க போகாதீங்க, மணிக்கட்டு போயிடும். அவங்க என்ன பண்றாங்கன்னா கடைசி ரெண்டு அடில உடம்ப திருப்பி தோளும் பின்பக்கமும் சேர்ந்து படற மாதிரி போய் மோதறாங்க, முழங்கால் லேசா மடங்கி இருக்கு, முகம் எப்பவும் மைதானத்தப் பாத்து இருக்கு. இன்னொரு விஷயம், சுவருக்கு முகத்த காமிச்சுட்டு நிக்கறவன பின்னால இருந்து தள்றது ரொம்ப ஆபத்து, அதுக்கு போர்டிங்னு பேரு, கார்டு உறுதி. ரெக் லீக்ல ஆவேசத்துல இத செய்யறவங்கள பாக்கறப்ப எனக்கு உண்மையிலேயே கோவம் வரும், அடுத்த நாள் எல்லாரும் ஆஃபீஸ் போகணும், இதுக்காக யாரும் தோள் எலும்ப உடைச்சுக்க வேண்டியதில்ல.

பிப்ரவரில ஒரு சனிக்கிழமை மேட்ச், இந்த சீசன்ல நான் பாத்ததுலயே நல்ல மேட்ச் அதுதான். நாலாவது குவார்ட்டர், நாங்க ஒரு கோல் முன்னாடி. எங்க டிஃபெண்டர் ஒருத்தருக்கு போர்டிங்குக்கு ப்ளூ கார்டு. 2 நிமிஷம், எங்க பக்கம் கீப்பர் போக 4 பேர், அங்க 5 பேர். அந்த 4 பேரும் கோல் முன்னாடி சதுரமா நின்னாங்க, ஒருத்தர் பந்துகிட்ட போனா மத்த மூணு பேரும் ஒரே கயிறுல கட்டின மாதிரி அந்தப் பக்கம் நகர்ந்தாங்க, நடுவுல பாஸ் போக வழியே விடல, வேணும்னா தூரத்துல இருந்து அடிச்சுக்கோன்னு விட்டாங்க. அவங்களும் அடிச்சாங்க. முதல் ஷாட் ஒருத்தர் தொடைல பட்டு சத்தம் எங்க வரிசை வரைக்கும் கேட்டுச்சு, பந்து கண்ணாடில பட்டு திரும்ப அவங்க கால்லயே விழுந்துச்சு, அந்த ஆளு எழுந்திரிக்கறதுக்குள்ள ரெண்டாவது ஷாட், இந்த தடவை படுத்த வாக்குலயே கால நீட்டி தடுத்தார், மூணாவது கீப்பர் கைல. எழுந்து நொண்டிக்கிட்டே பெஞ்சுக்கு வந்தார், அவர் கால் வெளிய வர்றதுக்கும் அடுத்த ஆள் குதிக்கறதுக்கும் ஒரு செகண்ட் கூட வித்தியாசம் இல்ல. மொத்த அரீனாவும் எழுந்து நின்னு கை தட்டுச்சு, கோலே விழாத ஒரு விஷயத்துக்கு. இந்த லீக்ல தடுக்கற ஷாட்டுக்கு பிளாக்ஸ்னு தனியா கணக்கு வெக்கறாங்க, ஸ்கோர் ஷீட்ல பேரோட வரும், அது எனக்கு ரொம்ப சரின்னு படுது, ஏன்னா வலிய வாங்கிக்கறவனுக்கும் பேரு வரணும்.

அதே மேட்ச் கடைசி ரெண்டு நிமிஷம் பாக்காம யாரும் பார்க்கிங்குக்கு ஓடாதீங்க, எந்த மேட்ச்லயும் சரி. தோத்துட்டு இருக்கற டீம் கீப்பர வெளிய எடுத்துட்டு இன்னொரு ஃபீல்ட் பிளேயர உள்ள விடும், சிக்ஸ்த் அட்டாக்கர்னு பேரு, அந்த ஆளுக்கு கீப்பர் மாதிரி வேற கலர் ஜெர்சி போட்டிருக்கணும். அதனால எதிர் பெஞ்ச்ல ஒருத்தர் தலை வழியா வேற கலர் ஜெர்சி மாட்டறதப் பாத்தீங்கன்னா என்ன வரப்போகுதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும், என் பொண்ணு சீசன் பாதிலயே இத கண்டுபிடிச்சுட்டா, எங்க வரிசைக்கே அவதான் அறிவிப்பு. அன்னைக்கும் போட்டாங்க, 6 பேரும் எங்க பக்கமே சுத்தி சுத்தி பாஸ் ஆடினாங்க, சமன் ஆகிடும்னு எல்லாரும் பயந்துட்டு இருந்தப்ப ஒரு பாஸ் சுவர்ல கொஞ்சம் மெதுவா பட்டு வந்துச்சு, எங்க ஃபார்வர்ட் அத கால் வெளிப்பக்கத்தால வெட்டி எடுத்து பாதி மைதானத்துல இருந்தே உருட்டி விட்டார், 14 அடி காலி வலை, போய் சேர்ற வரைக்கும் யாரும் மூச்சு விடல. அந்த ஃபார்வர்ட் அந்த ஷிஃப்டுக்கு வந்து பத்து செகண்ட்தான் இருக்கும், அவர தடுக்க ஓடினவங்க ரெண்டு பேரும் ஒன்றரை நிமிஷமா உள்ளயே இருந்தவங்க. நான் மேல சொன்னேன் இல்லையா, அதுதான்.

சீசன் நீளம் பத்தி சொல்லணும். சாதாரணமா ரெகுலர் சீசன்ல ஒரு டீமுக்கு 24 மேட்ச் சுத்தி வரும், பாதி வீட்ல பாதி வெளில, பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறுதான். கேக்க கம்மியா தெரியும். ஆனா சில வாரக்கடைசில வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு ஊர்ல ஆடிட்டு ஞாயித்துக்கிழமை மத்தியானம் இன்னொரு ஊர்ல ஆடுவாங்க, பால்டிமோர், யூட்டிகா, கன்சாஸ் சிட்டி, செயின்ட் லூயிஸ், அந்தப் பக்கம் சான் டியேகோ, டகோமா, சில சீசன்ல மெக்சிகோ டீமும் உண்டு. எம்எல்எஸ் மாதிரி சம்பளம் கிடையாது, நிறைய பிளேயர்ஸ் பகல்ல வேற வேலை பாக்கறாங்க, பாதி பேர் குழந்தைங்களுக்கு கோச்சிங். செவ்வாய்க்கிழமை சாயந்திரம் என் பொண்ணு வயசு பசங்களுக்கு கோன் அடுக்கி வெச்சு ட்ரில் நடத்தற ஆளு சனிக்கிழமை ராத்திரி ஆயிரக்கணக்கான பேர் முன்னாடி ஷாட்ட தொடைல வாங்கறார். இத நேர்ல தெரிஞ்சுக்கிட்ட அப்பறம் பிப்ரவரில ஒரு டீம் சுமாரா ஆடினா எனக்கு திட்டத் தோணல. அந்த மாசத்துல யார் பெஞ்ச் ஆழமா இருக்கோ, மூணாவது லைன், அதாவது மூணாவது செட்டா உள்ள போற பசங்கள நம்பி விடற கோச் யாரோ, அவங்கதான் மார்ச்ல மேல வர்றாங்க. ஸ்டார் ஆட்டக்காரர்கள மட்டும் மறுபடி மறுபடி உள்ள அனுப்பற டீம் டிசம்பர்ல ஜெயிக்கும், வசந்தத்துல கால் வராது.

ப்ளேஆஃப்ல இது இன்னும் அதிகமா தெரியும். பல சீசன்ல ரெண்டு மேட்ச் தொடர் வெச்சாங்க, ஆளுக்கு ஒண்ணு ஜெயிச்சா ரெண்டாவது மேட்ச் முடிஞ்ச கையோட அதே ராத்திரி 15 நிமிஷ மினி கேம், அதுல ஜெயிச்சவங்கதான் அடுத்த ரவுண்ட். 60 நிமிஷம் ஆடி முடிச்ச காலோட இன்னும் 15 நிமிஷம். அங்க திறமை எல்லாம் அப்பறம், யாருக்கு இன்னும் ஷிஃப்ட் மிச்சம் இருக்குங்கறதுதான் கேள்வி. கோப்பைக்கு ரான் நியூமன் கப்னு பேரு, சான் டியேகோ சாக்கர்ஸ் டீம எண்பதுகள்ல வரிசையா சாம்பியன் ஆக்கின கோச் அவர். பால்டிமோர் ப்ளாஸ்ட் 2016, 2017, 2018ன்னு தொடர்ந்து 3 வருஷம் தூக்கினாங்க, 2019ல மான்டெர்ரே ஃப்ளாஷ ஜெயிச்சு வேவ் தூக்குச்சு, கோச் ஜூலியானோ ஒலிவியேரோ, இதே டீமுக்கு முன்னாடி ஆடினவர். வேவுக்கு அது ஏழாவது பட்டம். அடுத்த சீசன் 2020ல கோவிட் வந்து பாதிலயே நின்னுபோச்சு, சாம்பியனே கிடையாது.

பட்டத்த விட எனக்கு பெருசா தெரியறது இந்த டீம் இன்னும் இருக்கறதுதான். இந்த விளையாட்டோட லீக் கதை ரொம்ப கஷ்டமான கதை. பழைய மேஜர் இன்டோர் சாக்கர் லீக், எம்ஐஎஸ்எல், 1978 டிசம்பர்ல ஆரம்பிச்சுது, சிவப்பு பந்து, லைட் ஷோ எல்லாம் வெச்சு எண்பதுகள்ல பெரிய கூட்டம் சேத்தாங்க, 1992ல மூடிட்டாங்க. வேவ் ஆரம்பிச்சது அதுல கூட இல்ல, ஏஐஎஸ்ஏன்னு சின்ன லீக், அது என்பிஎஸ்எல் ஆச்சு, அப்பறம் 2001ல புது எம்ஐஎஸ்எல், அது 2008ல கலைஞ்சு ஒரே ஒரு வருஷம் எக்ஸ்ட்ரீம் சாக்கர் லீக்னு ஒண்ணு, திரும்பவும் எம்ஐஎஸ்எல், கடைசியா 2014ல டீம்கள் சேந்து இப்ப இருக்கற எம்ஏஎஸ்எல். இத்தன லீக் கவுந்தும் டீம் கவுழல. கீத் டோசர்னு ஒரு கோச் 1992ல இருந்து 2014 வரைக்கும் இருந்தார், 6 பட்டம் அவர் காலத்துல வந்தது, அவரே பின்னாடி 2021ல லீக் கமிஷனர் ஆனார். எங்க பின் சீட் அம்மா சொன்னாங்க, லீக் பேர் மாறினா ஜெர்சில பேட்ச் மட்டும் மாறும், நாங்க அதே சீட்டுதான்னு. டீம் வருமா வராதான்னு ஒவ்வொரு கோடைலயும் கவலப்பட்டு டிக்கெட் புதுப்பிச்ச இந்த மாதிரி ஆளுங்களாலதான் இது நிக்குது, அத நான் மனசார மதிக்கறேன்.

அதனால ஒரு நடைமுறை விஷயம், உங்க ஊர் டீமுக்கு சீசன் டிக்கெட் எடுக்கறதா இருந்தா ஷெட்யூல் முழுசா வந்த அப்பறம் எடுங்க, எந்த எந்த டீம் அந்த வருஷம் லீக்ல இருக்குன்னு பாத்துக்கோங்க, வருஷா வருஷம் ஒண்ணு ரெண்டு டீம் வரும் போகும். மேட்ச் தேதி மாறினா பணம் திரும்ப கிடைக்குமா, வேற மேட்சுக்கு மாத்திக்கலாமான்னு முன்னாடியே கேட்டு வெச்சுக்கணும்.

இதெல்லாம் பாத்து என் ரெக் டீம்ல நாங்க மாத்தினது ஒண்ணுதான், ஆனா அது பெரிய மாத்தம். முன்னாடி எல்லாம் களைச்சுப் போனா மாத்திக்கலாம்னு இருப்போம், யாருக்கும் வெளிய வர மனசு வராது, கைய ஆட்டி கூப்பிட்டாலும் இன்னும் கொஞ்சம்னு சொல்வாங்க. இப்ப பெஞ்ச்ல ஒருத்தர் கைல டைமர் வெச்சுட்டு ஒன்றரை நிமிஷம் ஆனதும் சத்தம் குடுப்பார், ஜோடி ஜோடியா மாத்தறோம், பந்து எதிர் மூலைல இருக்கறப்பதான் மாத்தணும்னு பேச்சு. நாப்பது வயசுக்காரங்க நாங்க, எதிர்ல காலேஜ் பசங்க, ஆனா இப்ப கடைசி பத்து நிமிஷத்துல அவங்கதான் இடுப்புல கை வெச்சு நிக்கறாங்க. சென்னைல, கோயம்புத்தூர்ல டர்ஃப் புக் பண்ணி ஒரு மணி நேரம் சைடுக்கு 5 பேரா ஃபைவ்ஸ் ஆடறவங்களுக்கும் இது அப்படியே பொருந்தும். சுத்தி வலை மட்டும்தான் இருக்கும், சுவர் வேலை நடக்காது, ஆனா 7, 8 பேர் சேந்து வாங்க, வெளிய ரெண்டு மூணு பேர் எப்பவும் உக்காந்து இருக்கட்டும், முழு வேகத்துல ஆடிட்டு மாறி மாறி வாங்க. ஆட்டத்தோட தரமே மாறிடும், அந்தக் கடைசி இருபது நிமிஷம் சும்மா நடக்கற ஆட்டமா இருக்காது.

குழந்தைங்கள கூட்டிட்டு போறவங்களுக்கு இன்னொண்ணு. இந்த லீக்ல மேட்ச் முடிஞ்ச அப்பறம் பிளேயர்ஸ் மைதானத்துலயே நின்னு ஆட்டோகிராஃப் போடற வழக்கம் இருக்கு, ரசிகர்கள் டர்ஃப்ல இறங்கலாம். முழங்கால்ல ஐஸ் பேக்க பிளாஸ்டிக் சுருள் போட்டு சுத்திக்கிட்டு, வேர்வை கூட காயாம, ஒருத்தர் விடாம எல்லா பசங்களுக்கும் கையெழுத்து போடறாங்க. என் பொண்ணு அன்னைக்கு அந்த ரெண்டு ஷாட் தடுத்தவர்கிட்ட போய், பந்து வர்றப்ப கண்ண மூடிப்பீங்களான்னு கேட்டா. அவர் குனிஞ்சு ரொம்ப சீரியஸா பதில் சொன்னார், கண்ண மூடினா உடம்பு தானா திரும்பிக்கும், அப்பதான் வலிக்காத இடத்துல பட வேண்டியது வலிக்கற இடத்துல படும், அதனால கடைசி வரைக்கும் பந்தையே பாக்கணும், கைய உடம்போட ஒட்டி வெச்சுக்கணும்னு. அவ கோச் அத்தன மாசமா சொல்லிட்டு இருந்ததும் இதுதான், இவர் சொன்ன அடுத்த வாரத்துல இருந்துதான் செய்யறா.

மார்க்கர் நீங்களே எடுத்துட்டு போங்க, அங்க கிடைக்கறது பாதி நேரம் எழுதாது. வெள்ளை ஜெர்சியோ பந்தோ இருந்தா நல்லது, கறுப்பு துணில கையெழுத்து தெரியாது. குழந்தைங்களுக்கு சனிக்கிழமை மேட்ச்தான் சௌகரியம், மறுநாள் ஸ்கூல் இல்ல, கூட்டமும் அன்னைக்குதான் நல்லா இருக்கும்.